சுவிசேஷம் அவசரம்தான். அதுக்கு இன்சுலினை ஏன் நிறுத்தறீங்க?

நீளமான த்ரெட். நைட் ட்யூட்டி முடிஞ்சு வந்து எழுதறேன், காரம் கொஞ்சம் தூக்கலா இருக்கும். கிறிஸ்தவங்க கட்டாயம் படிங்க. மத்தவங்களும் படிங்க, நடுவுல உங்களுக்கும் ஒரு பங்கு வெச்சிருக்கேன்.

நான் யார்னு முதல்லயே சொல்லிடறேன். சி.எஸ்.ஐ. குடும்பம். சண்டே ஸ்கூல், வி.பி.எஸ்., யூத் பெல்லோஷிப், க்வயர் எல்லாத்துலயும் வளர்ந்தவ. சென்னையில ஒரு அரசு மருத்துவமனையில டாக்டர். எம்.பி.பி.எஸ். மட்டும்தான், பேருக்குப் பின்னாடி வேற எழுத்து கிடையாது. அதனால "நாத்திகக் கும்பல் எழுதுது"ன்னு கமெண்ட்ல ஆரம்பிக்காதீங்க.

சின்ன வயசுலேர்ந்து நான் கேட்டு வளர்ந்த வார்த்தை "அவசரம்". காலம் குறுகினது, ஆத்துமாக்கள் அழிஞ்சுகிட்டே இருக்கு, இன்னிக்கே சொல்லணும். ஸ்பென்சர் சிக்னல்ல கைப்பிரதி குடுக்கறவர், பீச் ஸ்டேஷன்லேர்ந்து வேளச்சேரி போற ட்ரெயின்ல பாட்டு பாடற அக்கா, தி.நகர் ரங்கநாதன் தெருக் கூட்டத்துல மெகாபோன் புடிக்கறவர், எல்லாரும் அந்த அவசரத்துலதான் ஓடறாங்க. அவங்கள நான் கிண்டல் பண்ணல. வெயில்ல நின்னு திட்டு வாங்கறது சுலபம் இல்ல.

எனக்குச் சண்டை வேற ஆளுங்களோட. மேடையில நின்னு "விசுவாசம் இருந்தா ஊசி எதுக்கு?"ன்னு கேக்கறவங்களோட.

ஒரு கேஸ் சொல்றேன். அடையாளம் தெரியாம இருக்க சில விஷயங்கள மாத்தியிருக்கேன். பதிமூணு வயசுப் பொண்ணு. டைப் 1 சர்க்கரை. அப்பா ஆட்டோ ஓட்டறார், அம்மா மூணு வீட்டுல வேலை பாக்கறாங்க. கண்டுபிடிச்சு இன்சுலின் ஆரம்பிச்சு ரெண்டு மாசம் ஆச்சு. சுகர் நல்லா இறங்குது, இன்சுலின் அளவையே குறைக்க வேண்டி வருது. குடும்பத்துக்கு ஒரே சந்தோஷம். ஒரு எழுப்புதல் கூட்டத்துல மேடையேத்தி சாட்சி சொல்ல வெச்சாங்க. ஊழியக்காரர் தலையில கைய வெச்சு "இன்னியோட ஊசி முடிஞ்சது மகளே"ன்னார். கூட்டம் கைதட்டிச்சு. ஊசி நின்னுது.

அடுத்த வாரம் ராத்திரி ரெண்டு மணிக்கு அந்தப் பொண்ணத் தூக்கிட்டு வந்தாங்க. மூச்சு ஆழமா, வேகமா வாங்குது. வாயில பழம் அழுகின மாதிரி வாசனை. கூப்பிட்டா கண்ணு மட்டும் லேசா அசையுது. டி.கே.ஏ.ன்னு சொல்லுவோம், ரத்தம் அமிலமா மாறிடற நிலை. சிஸ்டர் லைன் போட நரம்பு தேடறாங்க, உடம்புல தண்ணியே இல்ல. அம்மா என் கையப் புடிச்சுக்கிட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க: "மேடம், என் விசுவாசம் பத்தலியா?"

பொண்ணு பொழைச்சிடுச்சு, மூணு நாள் ஐ.சி.யூ. ஆனா அந்தக் கேள்விய என்னால மன்னிக்க முடியல. கேட்ட அம்மாவ இல்ல, அந்தக் கேள்விய அவங்க மனசுல நட்டு வெச்சுட்டு அடுத்த ஊர் கூட்டத்துக்குப் போனவர.

இது எப்படி நடக்குதுன்னு மருத்துவக் காரணத்தோட சொல்றேன், ஏன்னா ஏமாறறவங்க முட்டாள் இல்ல. டைப் 1-ல கணையத்துல இன்சுலின் சுரக்கற செல்கள் அழியுது. ஊசி ஆரம்பிச்ச உடனே, மிச்சம் மீதி இருக்கற செல்களுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைச்சு, சில வாரமோ சில மாசமோ மறுபடி வேலை செய்யும். தேவை குறையும். நாங்க இத ஹனிமூன் பீரியட்னு சொல்லுவோம். அப்புறம் அதுவும் போயிடும். சாட்சி சொல்ல ஆள் தேடறவங்களுக்கு அந்த ரெண்டு மாசம் அல்வா மாதிரி.

டி.பி.யும் இப்படித்தான். சாதாரண டி.பி.க்கு ஆறு மாசம் மாத்திரை. முதல் ரெண்டு மாசம் நாலு மருந்து, அடுத்த நாலு மாசம் மூணு மருந்து. ரெண்டாவது மாசத்துலயே காய்ச்சல் போயிடும், பசி எடுக்கும், எடை கூடும். ஆளுக்கு "நான் குணமாயிட்டேன்"னு தோணும். உள்ள கிருமி இன்னும் இருக்கு. அப்ப நிறுத்தினா நோய் திரும்பி வரும், மருந்துக்கு அடங்காததா வந்தாலும் வரலாம். வீட்டுல இருக்கற குழந்தைக்கு அத இருமியே குடுத்துடலாம். வலிப்பு மாத்திரையத் திடீர்னு நிறுத்தினா நிக்காத வலிப்பு வரும், அதுல உயிரே போகும். மனநோய் மாத்திரை கதைய ஆரம்பிச்சா இந்த த்ரெட் இன்னிக்கு முடியாது.

சரி, வேதத்துக்கு வருவோம். மேடையில வசனம் எடுக்கறாங்கல்ல, நானும் எடுக்கறேன்.

இயேசு குஷ்டரோகிய சுகமாக்கினப்ப என்ன சொல்லி அனுப்பினார்? போய் ஆசாரியன்கிட்ட உன்னக் காட்டுன்னார். அந்தக் காலத்துல சுகமாச்சா இல்லையான்னு பரிசோதிச்சு சர்டிபிகேட் குடுக்கற அதிகாரம் ஆசாரியனுக்குத்தான் இருந்துது. அதாவது அற்புதம் செஞ்சவரே "போய் செக் பண்ணிட்டு வா"ன்னார். இவங்க செக் பண்ண வேணாம்ங்கறாங்க. சுகமாயிட்டீங்களா? ரொம்ப சந்தோஷம். வாங்க, சளி டெஸ்ட் எடுப்போம், அரசு மருத்துவமனையில இலவசம்தான்.

லூக்கா ஒரு வைத்தியர்னு பவுலே எழுதறார். தீமோத்தேயுவுக்கு வயித்துக்கோளாறுன்னா கொஞ்சம் திராட்சரசம் சேத்துக்கச் சொல்றார், விசுவாசம் பத்தலன்னு திட்டல. துரோப்பீமுவ வியாதியா இருக்கறப்பவே மிலேத்துல விட்டுட்டு வரார், பவுல் ஜெபிச்சும் எழும்பாத ஆள் இருந்திருக்கார்னுதானே அர்த்தம்? எசேக்கியா ராஜாவுக்குத் தேவன் ஆயுசக் கூட்டிக் குடுத்தப்பவும் ஏசாயா அத்திப்பழப் பத்து போடச் சொல்றார். யாக்கோபு நிருபத்துல மூப்பர வரவழைச்சு எண்ணெய் பூசி ஜெபம் பண்ணுங்கன்னு இருக்கு, ஒத்துக்கறேன், பண்ணுங்க. வைத்தியர வெளிய அனுப்புன்னு எங்க இருக்கு? காட்டுங்க.

நல்ல சமாரியன் கதைய ஒரு கேஷுவால்ட்டி டாக்டரா படிச்சுப் பாருங்க. காயத்தக் கட்டறார், எண்ணெயும் ரசமும் ஊத்தறார்: முதலுதவி. தன் மிருகத்து மேல ஏத்தறார்: 108. சத்திரத்துல சேர்த்து ராத்திரி கூடவே இருந்து பாத்துக்கறார்: அட்டெண்டர். ரெண்டு காசு குடுத்துட்டு, மேல செலவானா திரும்பி வரப்ப தரேன்ங்கறார்: அட்வான்ஸ், ரிவ்யூ ரெண்டும். இதுல அவர் பிரசங்கம் பண்ணின இடம் ஒண்ணு கூட இல்ல. அவசரம் இல்லாத ஆளா அவர்? வழியில அவசரமா நடந்து போனது மத்த ரெண்டு பேர்தான்.

இப்ப அவசரம்னா என்னன்னு நம்ம ஊர்லயே நடந்த ஒண்ணச் சொல்றேன்.

ஐடா ஸ்கடர். 1870-ல ராணிப்பேட்டையில பொறந்தவங்க. தாத்தா ஜான் ஸ்கடர் அமெரிக்காவுலேர்ந்து முதல்ல இலங்கைக்கு, அப்புறம் 1836-ல மெட்ராஸுக்கு வந்த மிஷனரி டாக்டர். அப்பாவும் மிஷனரி டாக்டர். ஐடாவுக்கு இந்த வாழ்க்கையே வேணாம்னு இருந்துது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லன்னு 1890 வாக்குல திண்டிவனம் வந்தாங்க, பாத்துட்டுத் திரும்பிப் போற எண்ணம். ஒரு ராத்திரி மூணு பேர் வந்து கதவத் தட்டினாங்க. ஒருத்தர் பிராமணர், ஒருத்தர் முஸ்லிம், இன்னொருத்தர் வேற ஒரு உயர்சாதி இந்து. மூணு பேர் மனைவிக்கும் பிரசவ வலி, குழந்தை வெளிய வரல. அப்பா வரேன்னார். ஆம்பள டாக்டர் கூடாதுன்னுட்டாங்க, பொண்ணக் கூப்பிட்டாங்க. பொண்ணு டாக்டர் இல்ல. விடியறதுக்குள்ள மூணு பெண்களும் செத்துட்டாங்க.

கன்வென்ஷன் மேடைகள்ல இந்தக் கதைய நிறைய பேர் சொல்லுவாங்க. கண்ணீர் வரும், காணிக்கையும் வரும். ஆனா அதுக்கு அடுத்த வரிய யாரும் அழுத்திச் சொல்றதில்ல. மறுநாள் காலையில ஐடா கைப்பிரதி எடுத்துக்கிட்டுத் தெருவுல இறங்கல. டாக்டருக்குப் படிக்கப் போனாங்க. 1899-ல கார்னெல்ல படிப்ப முடிச்சாங்க. 1900-ல திரும்பி வந்தாங்க. எத்தனையோ வருஷம்! அந்த வருஷங்கள்ல திண்டிவனம் பக்கம் எத்தனை பெண்கள் அதே மாதிரி செத்திருப்பாங்க? அது அவங்களுக்குத் தெரியாதா? தெரிஞ்சும் உக்காந்து அனாட்டமி படிச்சாங்க. அதுதான் நான் மதிக்கற அவசரம்.

வந்த கொஞ்ச நாள்ல அப்பாவும் தவறிட்டார். 1902-ல வேலூர்ல ஷெல் ஆஸ்பத்திரி. ஒரு ஆள் எவ்ளோ ஓடினாலும் பத்தாதுன்னு புரிஞ்சு, 1918-ல பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. 1942-ல அது எம்.பி.பி.எஸ். கல்லூரி ஆச்சு, 1947-லேர்ந்து ஆம்பளைங்களும் சேர்ந்தாங்க. 1960-ல ஐடா கொடைக்கானல்ல காலமானப்ப வயசு 89. இன்னிக்கு நாங்க சி.எம்.சி.ன்னு ரெபர் பண்றது அதத்தான். மூணு கதவுத் தட்டலுக்கு ஒரு பொம்பள குடுத்த பதில் அறுபது வருஷம் நீண்டுது.

இன்னொருத்தர் இருக்கார், நம்ம ஆளுங்களுக்கு அதிகம் தெரியாது. சாமுவேல் கிறீன். 1847-ல யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க டாக்டர், மானிப்பாய்ல வேலை பாத்தவர். தமிழ் கத்துக்கிட்டார். சும்மா பேசற அளவுக்கு இல்லீங்க, அறுவை சிகிச்சையத் தமிழ்ல சொல்லிக் குடுக்கற அளவுக்கு. 1860-கள்ல தமிழ்லயே மருத்துவ வகுப்பு எடுத்தார். "இரண வைத்தியம்"னு சர்ஜரி புத்தகம் 1867-ல. கெமிஸ்ட்ரிக்கு "கெமிஸ்தம்", 1875-ல. ஊருக்குத் திரும்பின பிறகும் தமிழ் வேலைய விடல. நான் படிச்சப்ப தமிழ்ல ஒரு பக்க மருத்துவப் பாடம் கூடப் பாத்ததில்ல, அவர் 150 வருஷம் முன்னாடி ஆயிரக்கணக்கான பக்கம் உருவாக்கியிருக்கார். தன்னைத் தமிழர்களோட மருத்துவ சுவிசேஷகர்னுதான் அவர் நினைச்சார், கல்லறைக் கல்லுலயும் அப்படித்தான் இருக்கு. சுவிசேஷகர்ங்கற பட்டத்தை மேடையில பேர் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவ இவர நினைச்சுக்கங்க ஐயா.

கொல்லிமலையும் ஞாபகம் வருது. ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் தம்பதி அங்க வருஷக்கணக்கா பல்லப் பிடுங்கி, புண்ணக் கழுவி, பாடம் நடத்தினாங்க. ஞானஸ்நானம் எடுக்க ஒருத்தரும் வரல. அவங்கள எதிர்த்த பூசாரிக்கே கொள்ளைக் காய்ச்சல் வந்து யாரும் கிட்டப் போகாதப்ப இவங்கதான் போய்ப் பாத்தாங்க. ஆள் பொழைக்கல. ஆனா சாகறப்ப தன் குழந்தைகள இவங்ககிட்ட ஒப்படைச்சுட்டுப் போனார். ஜெஸ்ஸி 1929-ல காய்ச்சல்ல அங்கயே செத்தார். அவங்க மகன்தான் பால் பிராண்ட், வேலூர்ல குஷ்டரோகிகளோட மடங்கின விரல தசைநாண் மாத்தி வெச்சு நிமுத்தின சர்ஜன். இன்னிக்கு ஒரு ஊழியத்தோட ஆண்டறிக்கையில கொல்லிமலைக் கணக்க எழுதினா "பலன் பூஜ்யம்"னு போட்டு பட்ஜெட்ட வெட்டிடுவாங்க.

இப்ப கிறிஸ்தவர் இல்லாதவங்களுக்கான பங்கு.

"இதெல்லாம் தூண்டில்தானே, ஆஸ்பத்திரி கட்டி ஆள் பிடிக்கறது"ன்னு ரெடியா இருப்பீங்க. எங்கயாவது அரிசியோ மருந்தோ குடுத்து அதுக்கு விலையா மதத்தைக் கேட்டிருந்தா அது அசிங்கம். அதுல எனக்கு மாற்றுக் கருத்தே இல்ல. படுக்கையில கெடக்கறவன் "வேணாம்"னு சொல்ல முடியாத நிலையில இருக்கான். ட்ரிப் ஏறிக்கிட்டு இருக்கறப்ப அவன்கிட்ட மதம் பேசறது சம்மதம் இல்லாம ஆபரேஷன் பண்ற மாதிரி. நான் அரசு டாக்டர், என் சம்பளம் மயிலாப்பூர் மாமி வரியும் ஐஸ்ஹவுஸ் பாய் வரியும் சேர்ந்தது. ஸ்டெத் கழுத்துல இருக்கற வரைக்கும் என் வாயில மதம் வராது. பேஷண்ட் விபூதி பூசிக்கறாரா, பூசிக்கட்டும், ஊசியும் போட்டுக்கட்டும். "எனக்காக ஜெபம் பண்ணுங்க மேடம்"னு அவரே கேட்டா, அது அவர் கேட்டது, அர நிமிஷம் நிப்பேன்.

அதுக்காக அன்பால செஞ்ச எல்லாத்தையும் தூண்டில்னு ஒரே கோணியில கட்டாதீங்க. பத்து குஷ்டரோகிகள் சுகமான கதையில ஒருத்தன்தான் திரும்பி வந்து நன்றி சொல்றான். மத்த ஒன்பது பேருக்கும் குடுத்த சுகத்தைப் பிடுங்கிக்கல. தூண்டில் போட்டவன் அப்படி விடுவானா? அரசியல் சட்டம் 25-வது பிரிவு மதத்தைக் கடைப்பிடிக்கவும் பரப்பவும் உரிமை தருது. அதே பிரிவு, பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் இதுக்கெல்லாம் உட்பட்டுத்தான்னு ஆரம்பிக்குது. சுகாதாரம்ங்கற வார்த்தை அதுலயே இருக்கு, கவனிங்க. மந்திரத்தால, தாயத்தால சர்க்கரையையும் புற்றுநோயையும் குணமாக்கறேன்னு விளம்பரம் பண்றது 1954 சட்டத்துலேர்ந்து குற்றம். போஸ்டர்ல சிலுவை இருந்தாலும் சரி, ஓம் இருந்தாலும் சரி, பிறை இருந்தாலும் சரி. ஏர்வாடியில 2001 ஆகஸ்ட் 6, சங்கிலியில கட்டியிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில கருகினாங்க. அதே ஏர்வாடியில பின்னால தர்காவுக்குள்ளயே மருந்தும் துவாவும் சேர்ந்து கிடைக்கற ஏற்பாடு வந்துது. ஜெபமும் மாத்திரையும் ஒரே கூரைக்குக் கீழ இருக்க முடியும்.

திரும்பவும் என் ஆளுங்க. அன்பால செய்யற சேவை நம்ம குத்தகைன்னு ஒரு நினைப்பு இருக்கு நமக்கு. அடையாறு பக்கம் போய்ப் பாருங்க. தங்கச்சி புற்றுநோய்ல செத்தத மறக்க முடியாம முத்துலட்சுமி ரெட்டி போராடி 1954-ல கேன்சர் இன்ஸ்டிட்யூட்டத் திறந்தாங்க. டாக்டர் சாந்தா அந்த வளாகத்துலயே வாழ்ந்து 2021-ல கண்ண மூடினாங்க. மயிலாப்பூர்ல ராமகிருஷ்ண மடத்து டிஸ்பென்சரி வாசல்ல காலையில நிக்கற வரிசையப் பாருங்க. இவங்கள்ல யாரும் நம்ம சபை இல்ல. இவங்க செஞ்சதக் கூடச் செய்யாம "ஆத்துமாதான் முக்கியம், சரீரம் அழியறது"ன்னு நாம சொன்னா, கேக்கறவன் ஏன் நம்பணும்? சரீரம் அழியறதுன்னு சொல்ற அதே போதகருக்கு நெஞ்சு வலி வந்தா எந்த ஆஸ்பத்திரிக்குப் போறார்னு எனக்குத் தெரியும். ஆஞ்சியோ பண்ணிட்டு வந்து மேடையில "கர்த்தர் தொட்டார்"னு சொல்றார். கர்த்தர் தொட்டார்தான், ஸ்டென்ட்டையும் சொல்லுங்களேன்.

அவசரம் வேணுமா? நான் தரேன், என் வார்டுலேர்ந்து.

டைப் 1 குழந்தைகளோட வீட்டுல ப்ரிட்ஜ் இல்ல. இன்சுலினை மண்பானையில ஈரத்துணி சுத்தி வெக்கச் சொல்லி அனுப்பறோம். மே மாசம் ஹவுசிங் போர்டு மூணாவது மாடியில அந்தப் பானை என்ன பாடு படும்னு யோசிங்க. ஒவ்வொரு சர்ச்சுலயும் ப்ரிட்ஜ் இருக்கு, உள்ள கூல்டிரிங்க்ஸ் இருக்கு. ஒரு தட்ட காலி பண்ணி, பக்கத்துக் குடியிருப்புல எந்தச் சாமியக் கும்பிடற குழந்தையா இருந்தாலும் இருப்பு மருந்த வெச்சுக்கலாம்னு சொல்லிப் பாருங்க. இன்சுலின் காப்புரிமைய அதக் கண்டுபிடிச்சவங்க டொரொண்டோ பல்கலைக்கழகத்துக்குத் தலைக்கு ஒரு டாலருக்குக் குடுத்தாங்க, நாம ஒரு தட்டு இடம் குடுக்கக் கூடாதா?

டி.பி. நோயாளிக்கு ஆறு மாசம் தினமும் மாத்திரை போட்டாச்சான்னு கேக்க ஒரு ஆள் வேணும். சிகிச்சை ஆதரவாளர்னு பேரு, அக்கம்பக்கத்துல யாரும் ஆகலாம். நிக்ஷய் மித்ரான்னு 2022-லேர்ந்து இருக்கு, சபையே பதிஞ்சு சத்துணவுப் பை குடுக்கலாம். நூத்தி எண்பது நாள் ஒரு வீட்டுக் கதவத் தட்டறது பெரிய வேலை. மேடை கிடையாது, மைக் கிடையாது, போட்டோ எடுத்தா நானே திட்டுவேன்.

எல்லாத்தையும் விட, அட்டெண்டர் இல்லாத பேஷண்ட். தெருவுல விழுந்து கெடந்து 108 கொண்டு வந்து போட்டவங்க, பிள்ளைங்க விட்டுட்டுப் போன பெரியவங்க. ஸ்கேனுக்குத் தள்ளிட்டுப் போக ஆள் இல்ல, கஞ்சி ஊட்ட ஆள் இல்ல. சிஸ்டர் ஒருத்தங்க எத்தனை பேரப் பாப்பாங்க? சனிக்கிழமை ராத்திரி உபவாச ஜெபத்துக்கு ஐம்பது பேர் வராங்கன்னா, அதுல நாலு பேர் மருத்துவமனையில அனுமதி வாங்கிட்டு வாங்க. பைபிள பையிலயே வெச்சுக்கங்க. பெட்பேன் தூக்கணும். அந்தப் பெரியவர் ராத்திரி மூணு மணிக்கு "நீ யாரு பா, எதுக்கு எனக்கு இதெல்லாம் செய்யற?"ன்னு அவராவே கேட்டா, அப்ப பதில் சொல்லுங்க. கேக்காமலும் போகலாம். அப்பவும் அடுத்த சனிக்கிழமை வாங்க.

போதகர்களுக்கு ஒரு கோரிக்கை, இது இந்த ஞாயித்துக்கிழமையே செய்யலாம், பத்து செகண்ட் வேலை. சுகத்துக்காக ஜெபிச்சு முடிச்ச உடனே அதே மைக்ல சொல்லுங்க: "டாக்டர் நிறுத்தச் சொல்ற வரைக்கும் யாரும் மாத்திரையையோ ஊசியையோ நிறுத்தாதீங்க." சாட்சி சொல்ல மேடையேத்தறதுக்கு முன்னாடி டிஸ்சார்ஜ் சம்மரியையும் லேட்டஸ்ட் டெஸ்ட்டையும் வாங்கிப் பாருங்க. ஏற்கனவே இதச் சொல்ற போதகர்கள் இருக்காங்க, எனக்கே தெரியும், அவங்களுக்கு என் வணக்கம்.

யாராவது சொல்லி மருந்த நிறுத்தியிருந்தீங்கன்னா, வெக்கப்படாம உங்க ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வாங்க, இன்னிக்கே. யாரு சொன்னாங்கன்னு நான் கேக்க மாட்டேன், எத்தனை நாள் ஆச்சுன்னு மட்டும்தான் கேப்பேன். சந்தேகம்னா 104-க்குப் போன் பண்ணுங்க, மனநல மருந்து சம்பந்தமா 14416. மூச்சு வாங்கினாலோ வலிப்பு வந்தாலோ 108.

திட்டறவங்க திட்டிட்டுப் போங்க. எனக்கு இன்னிக்கும் நைட், பதில் நாளைக்குத்தான் வரும்.